எண்ணூறு கிராம்

பாடாங் செராய் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஒட்டுப்பால் வாங்கும் கடை.
முதலில் நாற்றம் வரும், பிறகு கடை வரும்.
பதினோரு வருஷமாய் அங்கே தராசு பார்க்கிறேன்.
மூக்கு எப்போதோ வேலையை விட்டுவிட்டது.

லொம்போக் தீவுக்காரன் சுஹார்டி
வியாழக்கிழமை இறக்கிய சாக்கில்
ஒரு கல் இருந்தது.
கொக்கியால் குத்தும்போதே கைக்குத் தெரியும்:
பால்கட்டி கொக்கியை விழுங்கும்,
கல் திருப்பிக் கொடுக்கும்.
நாற்பத்தொன்றரை என்றேன்.
லோஷினி எழுதிக்கொண்டாள்.
வெள்ளியை எண்ணாமலே மடித்துக்கொண்டு போனான்.
எண்ணாமல் போகிறவனிடம் என்ன கேட்பது?

"அங்கிள், கல்லு கிடந்துச்சு. நீங்க பார்த்தீங்க."

அவளுக்குப் பத்தொன்பது.
எனக்கும் ஒருகாலம் பத்தொன்பது இருந்தது.
அப்போது கையில் மெட்ரோலாக் வைத்திருந்தேன்.

பால் ஸ்டோரில் கிராணிக்கு எடுபிடி,
வெளுத்த சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா.
வாளிக்குள் விட்டால் மிதக்கும் அந்தக் கருவி
தண்ணீர் கலந்தது யாரென்று காட்டிக் கொடுத்துவிடும்.
அது பொய் சொல்லாது என்பதில் எனக்கொரு பெருமை,
நானே பெற்று வளர்த்தது போல.
தைலம்மை வாளியில்
ஒரு விரல் கூடுதலாய் எழும்பி நின்றது.
வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.
அன்று அவளுக்கு அரைப்பேர்.
மறுவாரம் அவள் நிரையை
வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள்.
நான் தூங்கினேன்.
இதைச் சொல்லத்தான் வேண்டும்: நன்றாகத் தூங்கினேன்.

பிறகு கல்யாணம்.
பிள்ளைக்குக் காமாலை கண்ட இரவில்
வேன்காரனுக்குக் கொடுக்கக்
கோயில் கமிட்டிப் பணத்தில் கைவைத்தேன்.
திருப்பி வைத்துவிட்டேன். முழுதாக அல்ல.
அதன்பிறகு எந்த வாளியைப் பார்த்தாலும்
கலந்த தண்ணீர் தெரிவதில்லை,
தூக்கி வந்த தோள்தான் தெரிந்தது.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்,
கோப்பி ஆறி ஆடை கட்டும்வரை.
வயசானா புரியும்மா என்று முடித்தேன்.
கண் கொஞ்சம் கலங்கியிருக்கலாம்.
அதற்கு ஒரு மரியாதை கிடைக்குமென்று
காத்திருந்தேன்.

"அந்த ஸ்டோரு தராச
யாரு அங்கிள் சோதிச்சா?"

யாருமில்லை.
வாளிகளுக்குள்தான் விட்டுப் பார்த்தோம்.
தராசுக்குள் விட ஒரு கருவி
எந்தத் துரையும் எனக்குத் தரவில்லை,
நானும் கேட்கவில்லை.

"நம்ம தராசு?"

சாக்குக்கு இரண்டு கிலோ தின்னும்.
நான் வருவதற்கு முன்பே தவுக்கே திருகிவைத்தது.
அவர்கள் கல்லைப் போடுகிறார்கள், நாங்கள் கடிக்கிறோம்,
சரிக்குச் சரி என்று
பதினோரு வருஷம் எனக்கு நானே கணக்கு ஒப்பித்தேன்.
அதற்குக் கருணை என்று பெயரும் வைத்திருந்தேன்.

அவள் சாக்கை அவிழ்த்தாள்.
பால் ஒழுகும் கல்லை நாளிதழில் சுற்றிக்கொண்டு
பக்கத்து மீன்கடைக்குப் போய்வந்தாள்.
எண்ணூறு கிராம்.
திருடியும்கூட அவன்
எங்களிடம் தோற்றுத்தான் போயிருக்கிறான்.

கறார்ப் பையனாய் இருந்தபோதும்
இளகிய கிழவனாய் ஆனபோதும்
நான் நின்ற இடம் ஒன்றுதான்:
முள்ளுக்கு இந்தப் பக்கம்.

தவுக்கே ஐந்து மணிக்கு வருவார்.
எனக்கு அறுபத்து மூன்று,
அடுத்த மாதமும் இரத்த அழுத்த மாத்திரை வேண்டும்.
அவளுக்கும் மாதக் கடைசியில் ஏதோ கட்டணம் உண்டு,
அதை அவள் பேச்சில் இழுக்கவில்லை.

இழுப்பறையில் திருப்புளி இருக்கிறது.
முட்டியைப் பிடித்துக்கொண்டு
தராசுக்கு அடியில் குனிந்தேன்.
துரு.
எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று
தெரியாதவன் போலச் சற்று நேரம் இருந்தேன்.

லோஷினி கைப்பேசி விளக்கைப் பிடித்தாள்.
அது முதலில் என் முகத்தில் விழுந்தது.
"மன்னிச்சிருங்க அங்கிள்" என்று
கீழே இறக்கினாள்.